தாக்கல் ஆகாத ஏழு படங்கள்

காப்புரிமை விண்ணப்பங்களுக்குப் படம் வரைவதற்கென்றே ஒருவர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. ஒருவர் புதிதாக ஒரு பம்பையோ பூட்டையோ கண்டுபிடித்தால், வழக்கறிஞர் அதைச் சொற்களில் எழுதுவார். அந்தச் சொற்களுக்கு உருவம் கொடுப்பவர் வரைபடக்காரர். கறுப்புக் கோடுகள் மட்டுமே அவருக்கு அனுமதி. வண்ணம் கூடாது, அளவு குறிக்கக் கூடாது, அழகுக்காக ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண் உண்டு. எண்களை இரட்டைப்படையிலேயே இடுவார்கள். விட்டுப்போன உறுப்பு ஏதேனும் பின்னால் நினைவுக்கு வந்தால் நுழைக்க இடம் வேண்டுமல்லவா?

நான் சொல்ல வந்தவர் இந்த வேலையை ஒரே அலுவலகத்தில் இருபத்தோர் ஆண்டுகள் செய்தார். அவர் இழுக்கும் கோடு நூல் பிடித்தாற்போல் இருக்கும் என்பதால் ‘நூல்காரர்’ என்ற பெயர் அவருக்கு விழுந்தது. கணினி வந்து, கோடு தானே நேராக விழத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அலுவலகம் ஒரு வங்கிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நான்கு அறைகள் கொண்டது. வெளிச்சம் நன்றாக விழும் வடக்கு ஜன்னல் அவருடையது. அந்த ஜன்னலுக்காகப் புதிதாகச் சேர்ந்த இரண்டு வழக்கறிஞர்கள் அலுவலகத்தின் உரிமையாளரான வக்கீலிடம் கேட்டுப் பார்த்தார்கள். “அது நூல்காரர் ஜன்னல். அவர் போனாத்தான் காலியாகும், அவர் போகமாட்டார்” என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

வக்கீலுக்கும் அவருக்கும் இருந்த உறவை முதலாளி, தொழிலாளி என்று சொல்லிவிட முடியாது. நூல்காரருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, அவர் மனைவிக்குப் பணியிடத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. பத்து நாளும் காலையில் வீட்டுக்கு வந்து சொட்டு மருந்து விட்டுப்போனவர் வக்கீல். “கண்ணைச் சிமிட்டாதீங்க, என் பிழைப்பே இந்தக் கண்ணுலதான் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே விடுவார். நூல்காரர் அந்தப் பத்து நாளை மறந்ததே இல்லை. பின்னால் வந்த சங்கடத்துக்கு அந்த நன்றியும் ஒரு காரணம்.

அவர் மனைவி ஒரு பெரிய மருத்துவமனையில் செவிலியர். மூன்றாம் தளத்திலிருந்து ஸ்கேன் அறைக்கு நோயாளிகளை அழைத்துப் போவது அவர் பொறுப்புகளில் ஒன்று. நோயாளியோடு சலைன் பாட்டில் தொங்கும் ஸ்டாண்டும் உருண்டு வரும். லிஃப்ட் வாசலில் தளத்துக்கும் லிஃப்டுக்கும் இடையே இரண்டு விரல் அகலத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஸ்டாண்டின் சின்னச் சக்கரம் தவறாமல் அதில் இறங்கும், ஸ்டாண்டு சாயும், நோயாளியின் கையில் குத்தியிருக்கும் ஊசி இழுபடும். ஒரு நாள் ஒரு முதியவரின் கையிலிருந்து ஊசி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்த மனைவி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்:

“நாம குழியைத் தாண்டணும்னா ஒரு காலை எட்டி வைக்கிறோம்ல? அந்தச் சனியனுக்கும் ஒரு கால் எட்டி வைக்கத் தெரிஞ்சா என்னவாம்?”

“ஸ்டாண்டுக்கு ஏது கால்?”

“நீங்கதான் ஊர்ல இருக்கிறவன் கண்டுபிடிச்சதுக்கெல்லாம் காலும் கையும் வரையிறீங்களே, இதுக்கு ஒன்னு வரையுங்களேன்.”

அவர் வரைந்தார். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வில்லால் பிடிக்கப்பட்ட, வழுவழுப்பான ஒரு சிறு நாக்கு. தரை சமமாக இருக்கும்போது அது மேலேயே இருக்கும். சக்கரம் இடைவெளியில் இறங்கத் தொடங்கிய கணமே நாக்கு எதிர்க்கரையைத் தொட்டு எடையைத் தாங்கிக்கொள்ளும். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரு பழைய ஸ்டாண்டைச் சமையலறை வாசற்படியில் உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். நாக்கு எந்தக் கோணத்தில் வளையவேண்டும் என்று முடிவு செய்தது மனைவிதான். ஆகவே கண்டுபிடிப்பாளர் பெயர் எழுதும் இடத்தில் மனைவியின் பெயர் முதலிலும் தம் பெயர் அடுத்தும் வரவேண்டும் என்று அவர் தீர்மானித்தார். பிறர் பெயர்களுக்குக் கீழே ஆயிரக்கணக்கான படங்கள் வரைந்தவருக்கு, மனைவியின் பெயர் முதல் வரியில் அச்சாகி வரும் அந்த ஒரு தாளின் மேல்தான் ஆசை. இடைவெளியைத் தாண்டும் ஸ்டாண்டு என்று மட்டும் கேள்விப்பட்டு, மருத்துவமனைக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றும் விசாரித்தது. “தாக்கல் எண் வந்ததும் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்” என்றது.

ஏழு படங்கள். ஏழாவதில் ஸ்டாண்டு இடைவெளியைத் தாண்டிக்கொண்டிருக்கும். அவற்றையும் குறிப்புகளையும் வக்கீலிடம் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, “போயாச்சு நூல்காரரே, கவலையை விடுங்க” என்றார் வக்கீல்.

“நம்பர்?”

“வரும், வரும்.”

தாக்கல் செய்த நொடியிலேயே எண் திரையில் வந்துவிடும் என்பது நூல்காரருக்கு நன்றாகத் தெரியும். வேறு எவருடைய விண்ணப்பமாக இருந்தாலும் மறு கேள்வி கேட்டிருப்பார். தம்முடையது என்பதால் கேட்கக் கூச்சப்பட்டார். கண்ணில் மருந்து விட்டவரைக் குறுக்கு விசாரணை செய்வதா? மனைவி அவ்வப்போது கேட்பார்: “நம்பர் வந்துச்சா?” இவர், “வரும்” என்பார். ஐந்து மாதம் இப்படியே போயிற்று.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. சட்டம் மாறிக்கொண்டே இருப்பதால், உரிமம் பெற்ற ஒவ்வொரு வழக்கறிஞரும் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் தொடர்கல்வி வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். மணி குறைந்தால் உரிமம் புதுப்பிக்கப்படாது. சும்மா கேட்பவருக்கு ஒரு பங்கு என்றால் பாடம் நடத்துபவருக்கு மூன்று பங்கு மணி. ஆண்டு முழுவதும் வகுப்புப் பக்கமே போகாமல் கடைசி மாதத்தில் விழித்துக்கொள்பவர்கள் பாடம் நடத்த முந்திக்கொள்வார்கள். வக்கீல் அந்த வகையைச் சேர்ந்தவர். “படிக்க நேரமில்லாதவன்தான் பாடம் நடத்தணும்னு சட்டம் சொல்லுது, நான் என்ன பண்ண?” என்று தாமே சொல்லிச் சிரிப்பார்.

நூல்காரருக்கு உரிமமும் இல்லை, மணியும் தேவையில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் அந்த வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். வரைபட விதிகளில் மாற்றம் வந்தால் முதலில் அங்கேதான் சொல்வார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதி, உரிம எண்ணுக்கான கட்டத்தில் ஒரு கோடு போட்டு, கையெழுத்திடுவார். அந்தக் கோடும் நேராகத்தான் இருக்கும்.

அவ்வாண்டு வக்கீலின் தலைப்பு, ‘புதுமையும் முன்வெளிப்பாடும்: அண்மைத் தீர்ப்புகள்’. வழக்கமாக வக்கீலின் பாடத்துக்கான திரைப் பக்கங்களைத் தயாரித்துக் கொடுப்பவர் நூல்காரர்தான். அந்த முறை, “நானே பண்ணிக்கிறேன், நீங்க கண்ணைக் கெடுத்துக்காதீங்க” என்று வக்கீல் சொல்லிவிட்டார். காப்புரிமை வழக்கறிஞர்கள் சங்கத்தின் கூட்ட அறையில், திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, திரையில் பன்னிரண்டாவது பக்கமாக விரிந்தது நூல்காரரின் ஏழாவது படம்.

அவருக்கு முதலில் வந்தது பெருமை என்பதை மறைக்க வேண்டியதில்லை. இத்தனை பேருக்கு முன்னால் தம் படம், அதுவும் இத்தனை பெரிதாக! கூடவே, தாக்கல் ஆகிவிட்டதால்தானே தைரியமாகக் காட்டுகிறார் என்று ஒரு நிம்மதியும் வந்தது. மனைவியிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வக்கீல் பேசினார்: “இப்படி ஒரு பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது இன்னும் தாக்கல் ஆகவில்லை. கட்சிக்காரர் யாரும் சண்டைக்கு வரமாட்டார் என்பதால்தான் காட்டுகிறேன்.” சபை சிரித்தது. தாக்கலுக்கு முன்பே பொதுவில் காட்டப்பட்ட பொருள் புதுமையை இழந்துவிடும், அதற்குக் காப்புரிமை கிடைக்காது என்பது விதி. பிறகு அவர் அதையொட்டி வந்த ஒரு புதிய தீர்ப்பை விளக்கினார். ஒருவரின் முகவர் அவருடைய கண்டுபிடிப்பை ஒரு கூட்டத்தில் காட்டிவிட்டார். காட்டியது தம் அனுமதியின்றி என்று கண்டுபிடித்தவர் வாதாடினார். ஆனால் அவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார், தடுக்கவில்லை. அவையில் இருந்தும் வாய் திறக்காதது சம்மதம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. புதுமை போயிற்று, விண்ணப்பமும் போயிற்று.

நடு வரிசையில் இருந்த ஒரு வழக்கறிஞர் எழுந்தார். “சார், அப்படின்னா இப்ப நீங்க இந்த ஸ்டாண்டைக் காட்டினதே போதுமே. இதோட கதையும் முடிஞ்சுது!”

“நல்லவேளை, இது என் கற்பனைக் குழந்தை. பெத்தவன் யாரும் இங்க இல்லை” என்றார் வக்கீல். சபை மறுபடியும் சிரித்தது. கடைசி வரிசையில் நூல்காரரும் சிரித்தார். சிரித்து முடித்தபோதுதான் ‘இன்னும் தாக்கல் ஆகவில்லை’ என்ற சொற்கள் அவருக்கு உறைத்தன.

தேநீர் இடைவேளையில் அருகே போய், “சார், அந்த நம்பர்…” என்றார். வக்கீல் அவர் தோளில் கை வைத்து, “ஆபீஸ்ல பேசலாம்” என்று சொல்லிவிட்டு வேறொருவரிடம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை, வக்கீல் வருவதற்கு முன், நூல்காரர், தாக்கல் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளின் மேசைக்குப் போனார்.

“என் பேர்லயும் வீட்டுக்காரி பேர்லயும் ஒன்னு போயிருக்கும். அஞ்சு மாசம் முன்னாடி.”

அம்மாள் இரண்டு முறை தேடினார். “இல்லையே, நூல்காரரே.”

“ஏத்த விட்டுப்போயிருக்குமோ?”

“நான் சாப்பிட மறந்திருக்கேன், சாவியை மறந்திருக்கேன். நம்பர் ஏத்த மறந்ததில்லை.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சார் ரூம்ல, ஜன்னல்கிட்ட ஒரு அடுக்கு இருக்கு பாருங்க. ‘நம்ம ஆளுங்க வேலை, அப்புறம் பாக்கலாம்’னு வெச்சிருக்கார். அதுல ஒரு நீலக் கவர் ரொம்ப நாளா கிடக்கு.”

நீலக் கவர் அவர் கொடுத்ததுதான். அவர் வைத்த கிளிப்கூட எடுக்கப்படவில்லை. ஏழாவது தாள் மட்டும் உருவப்பட்டு, மடங்கிய முனையோடு மேலே செருகப்பட்டிருந்தது.

வக்கீல் வந்ததும் அவர் கவரை மேசைமேல் வைத்தார். வக்கீல் ஏழாவது தாளின் மடங்கிய முனையை நீவிவிட்டார்.

“போட்டுட்டேன்னுதான் நினைச்சேன்.”

“இன்னும் தாக்கல் ஆகலைன்னு நேத்து மேடையில நீங்களே சொன்னீங்க, சார்.”

வக்கீல் கவரை ஓரமாக நகர்த்தினார். “சரி, தப்புதான். அடுத்தவன் ஃபைல் காட்டினா என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பான். ராத்திரி உட்கார்ந்து யோசிச்சேன், பயமில்லாம காட்டக்கூடியது உங்களது ஒன்னுதான் இருந்துச்சு.”

நூல்காரர் பின்னாளில் என்னிடம் சொன்னார்: “தாக்கல் பண்ணலைங்கிறதைக்கூட விட்டுடலாம். ‘பயமில்லாம’ன்னு சொன்னார் பாருங்க, அதுதான் இன்னிக்கும் ஜீரணமாகலை.”

“நான் புகார் கொடுக்கலாம்ல சார்?” என்று அன்று அவர் வக்கீலிடம் கேட்டார். “நீங்க என்னைக் கேக்காம காட்டினீங்கன்னு.”

“கொடுக்கலாம்.” வக்கீலின் குரல் இப்போது பாடம் நடத்தும் குரலாக மாறியிருந்தது. “ஆனா நீங்க அங்க உட்கார்ந்திருந்தீங்க. கையெழுத்து வேற போட்டிருக்கீங்க. சிரிச்சீங்க, நான் பார்த்தேன். தீர்ப்பைத்தான் கேட்டீங்களே.”

எவரும் போகச் சொல்லாத வகுப்புக்கு, எவருக்கும் வேண்டாத கையெழுத்தை இருபத்தோர் ஆண்டுகளாகப் போட்டுவந்த மனிதருக்குக் கிடைத்த பதில் இது.

“அதுக்கு வழி இருக்கு” என்று வக்கீல் தொடர்ந்தார். “இன்னிக்கே தாக்கல் பண்ணிடறேன். வகுப்பைப் பதிவு பண்ண வீடியோவை இன்னும் சங்கத்துக்காரங்க வெளியில விடலை, நான் திருத்திக் கொடுக்கலாம். பன்னிரண்டாம் பக்கத்துக்கு வேற ஒரு படம் வேணும். குடை ஸ்டாண்டு மாதிரி ஏதாவது, உங்க கையால, அதே சாயல்ல. மாத்திட்டா முடிஞ்சுது.”

“அறுபத்துநாலு பேர் பார்த்தாங்க சார்.”

“எவன் பார்த்தான்? பாதிப் பேர் போனை நோண்டிட்டு இருந்தான். மீதிப் பேர் மணி சேர்க்க வந்தவன். வெளிய வந்து கேட்டா என் தலைப்பையே சொல்லத் தெரியாது.”

நூல்காரர் ‘முடியாது’ என்று சொல்லவில்லை. ‘சரி’ என்றும் சொல்லவில்லை. தம் இடத்துக்குப் போய்த் திரையைத் திறந்தார். ஒரு வட்டமான அடித்தளம், அதன்மேல் ஒரு தண்டு என்று இரண்டு கோடுகள் விழுந்தன. யாருமே கண்டுபிடிக்காத ஒரு பொருளை அந்த இருபத்தோர் ஆண்டுகளில் அவர் வரைந்ததே இல்லை. ஆனால் இந்தக் குடை ஸ்டாண்டை வரைந்தால் மனைவியின் பெயர் முதல் வரியில் அச்சாகும். அழித்தார், மறுபடி வரைந்தார், மறுபடி அழித்தார். அன்று மாலை வீட்டில் மனைவி கேட்டார், “நம்பர் வந்துச்சா?” இவர், “வரும்” என்றார். புதன்கிழமையும் கேட்டார். புதன்கிழமையும் வரும் என்றார்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வக்கீலே வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி அப்போதுதான் பணி முடிந்து வந்து சீருடையோடு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க சார், ஆச்சரியமா இருக்கே. உட்காருங்க.”

“உங்க பேரை அச்சுல ஏத்தத்தான் சிஸ்டர் வந்தேன். ஒரு கையெழுத்து போதும்.” ஒரு தாளை நீட்டினார். விண்ணப்பத்தோடு கண்டுபிடிப்பாளர்கள் தரவேண்டிய உறுதிமொழி அது. முதல் வரியில் மனைவியின் பெயர் இருந்தது. எழுத்துப் பிழை இல்லை. மனைவியின் முகம் மலர்ந்தது. பேனாவைக் கையில் எடுத்தார். ஆனால் செவிலியர்கள் எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்திடுவதில்லை. விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார்.

“‘இந்தக் கண்டுபிடிப்பு இதற்கு முன் பொதுவில் காட்டப்படவில்லை என்று உறுதி கூறுகிறேன்.’ நாம யாருக்குங்க காட்டினோம், வீட்டு வாசற்படிக்குத்தான்” என்று சிரித்தபடி கணவரைப் பார்த்தார். “போடலாம்ல?”

வக்கீலும் அவரைப் பார்த்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்ட நாளில் பார்த்த அதே கனிவோடு. ‘போடு’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். மனைவி அவர் சொல்லைக் கேட்டுக் கையெழுத்திடுவார். அதுதான் அவரைத் தடுத்தது.

“வேண்டாம்” என்றார். “திங்கட்கிழமை சங்கத்துக் கூட்டத்துல சார் அதைக் காட்டிட்டார். தாக்கல் இன்னும் பண்ணவே இல்லை.”

பேனா மேசைமேல் வைக்கப்பட்ட ஒலி கேட்டது. மனைவி தாளை மடிக்காமல் வக்கீலின் பக்கம் திருப்பி நகர்த்தினார்.

“நான் கொடுக்காத மருந்தைக் கொடுத்தேன்னு சார்ட்ல கையெழுத்துப் போடமாட்டேன் சார். போட்டா அடுத்த ஷிஃப்ட்ல யாராவது சாவாங்க. நீங்க கிளம்புங்க.”

“சிஸ்டர், கொஞ்சம் நடைமுறையா யோசிங்க…”

“எங்க நடைமுறையைத்தான் சொன்னேன்.”

வக்கீல் தாளை எடுத்துக்கொண்டு போனார். படியிறங்கும் ஓசை அடங்கியது. நூல்காரர் தமக்கு நேர்ந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினார். நீலக் கவர், அடுக்கு, குடை ஸ்டாண்டு. மனைவி கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அந்த ஆளை விடுங்க. அவர் வெளி ஆளு. உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“செவ்வாய்க்கிழமை உறுதியாத் தெரிஞ்சுது.”

“செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் கேட்டேன்.”

“ஆமா.”

“நேத்தும் கேட்டேன்.”

ஏதாவது வழி பிறக்குமா என்று பார்த்தேன், உன் பேருக்காகத்தான் பார்த்தேன் என்றெல்லாம் அவர் நினைத்திருந்த சொற்கள் வாய்வரை வந்து நின்றன. அவற்றைச் சொன்னால் வக்கீல் பேசியது போலவே இருக்கும் என்று அவருக்கே தோன்றிவிட்டது.

“கம்பெனிக்காரங்களுக்கு நாளைக்கு நானே போன் பண்றேன்” என்று எழுந்தார் மனைவி. “நீங்க பண்ணா, வரும்னு சொல்லி வெச்சுடுவீங்க.”

வெள்ளிக்கிழமை நூல்காரர் அலுவலகம் போகவில்லை; அதன் பிறகும் போகவில்லை. வடக்கு ஜன்னல் காலியாயிற்று. வக்கீலுக்கு அந்த ஆண்டின் மணிக்கணக்கு நிறைந்து, உரிமமும் புதுப்பிக்கப்பட்டதாகப் பதிவேட்டு அம்மாள் பின்னர் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் மனைவி வீடு திரும்பியபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

“பேசினியா? என்ன சொன்னாங்க?”

“நன்றி சொன்னாங்க. இனிமே நம்மகிட்ட அனுமதி வாங்க வேண்டியதில்லையாம், அவங்களே செஞ்சுக்குவாங்களாம்.” செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “நான் சொல்றதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சங்கத்துக்காரங்க அந்த வகுப்பைத் திங்கட்கிழமை சாயங்காலமே இணையத்துல போட்டுட்டாங்களாம்.”

“அப்ப வக்கீல் இன்னும் வெளியில விடலைன்னு சொன்னது…?”

மனைவி உள்ளே போகும்போது, முகத்தைத் திருப்பாமல், கேட்டதைக் கேட்டபடி ஒப்பிப்பதுபோல் சொன்னார்:

“யார் வரைஞ்சதுன்னு கேட்டாங்க. படம் ரொம்பத் தெளிவா இருக்காம். அதைப் பார்த்தே செஞ்சுடலாமாம்.”